நூற்றுப் பன்னிரண்டு அடி

எக்ஸ்ரே அக்காவுக்கு முதல் அறை விழுந்தது பெயர் பதிகிற இடத்திலேயே.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவாளர் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து, "கொஞ்சம் குனியுங்க" என்றாள். பெட்டியில் சீட்டு ஏதும் ஒட்டப் போகிறாளாக்கும் என்று அக்கா குனிந்தாள். இடது கன்னத்தில் பளாரென்று ஒன்று. காதிலிருந்த தோடு தெறித்துப் போய்ச் சுவரோரம் விழுந்தது. பதிவாளர் அம்மாள் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, பேரேட்டில் ஒரு குறி போட்டாள்.

"எதுக்கு மேடம் அடிச்சீங்க?"

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"அப்ப நீங்க வந்திருக்கீங்கன்னு அர்த்தம். போன வருஷம் ஒருத்தர் தனக்குப் பதிலா தம்பிய அனுப்பிட்டார். அதுலேருந்து இப்படித்தான். அடுத்தவங்க வாங்க."

தம்பிக்கு வலிக்காதா என்று அக்காவுக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் அதற்குள் பின்னால் நின்றவர் குனிந்துவிட்டார். தோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அவள் ஓர் அரசு மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடலாம்" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்பவள். பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனை ஆண்டு விழா நாடகத்தில் ஒவ்வொரு வருடமும் அவளுக்குப் பிண வேஷம் கொடுப்பார்கள், அசையாமல் கிடப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால். ஒரு வருடம் தாதி வேஷக்காரிக்குக் காய்ச்சல் வந்து, நாலு வரி வசனம் அவளுக்குக் கிடைத்தது. அந்த நாலு வரியில் கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று பிடித்த ஆசை, கடல் தாண்டி, ஒரு செவ்வியல் நாடகப் பயிற்சிக் கழகத்தின் ஆறு வாரக் கோடைப் படிப்பில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"போயிட்டு வா. ஆறு வாரம்தானே. நானும் பொண்ணும் எதையாவது பொங்கித் தின்னுக்கறோம்" என்று சொல்லி வழியனுப்பியிருந்தார் லேத் பட்டறை வைத்திருக்கும் கணவர்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் இடது கன்னம் சிவந்திருந்தது. அவளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தவர் ஆறடி உயரத் தபால்காரர். இருபத்தாறு வருடம் தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்தவர், தன்னைக் கடித்த நாய்களையும் பேர் சொல்லி விசாரிப்பவர். மறு பக்கம் ஒல்லியாக ஒருவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்காரர் என்றே எல்லாரும் அழைத்தார்கள். அவர் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தால் கடையில் மிச்சமான கண்ணாடியையெல்லாம் தானே போட்டுக்கொண்டாரோ என்று தோன்றும்.

கழகத்தின் தலைவரைப் பேராசான் என்றுதான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லக் கூடாது. அவர் கண்களை மூடிக்கொண்டு பேசினார்.

"மாணவர்களே, மேடையில் வன்முறை கூடாது. ரத்தம் கூடாது. கொலை கூடாது. இதுவே செவ்வியல் நாடகத்தின் முதல் விதி. அப்படியானால் கொலை எங்கே நடக்கும்? கதவுக்குப் பின்னால். கதவுக்குப் பின்னால் பார்ப்பவர் உண்டா? இல்லை. பார்ப்பவர் இல்லாத இடத்தில் நடிப்பு உண்டா? இல்லை. நடிப்பு இல்லாத இடத்தில் என்ன இருக்கும்?" கண்ணைத் திறந்தார். "நிஜம் இருக்கும். இந்த எளிய கணக்கை உலகின் மற்ற நாடகப் பள்ளிகள் மறந்துவிட்டன. அங்கெல்லாம் கதவுக்குப் பின்னால் தேநீர் குடிக்கிறார்கள்!"

பின்வரிசையில் நின்ற ஆசிரியர்கள் 'ச்சே' என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு மூக்கு கோணலாக இருந்தது. இன்னொருவருக்குத் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அலறல் ஆசிரியைக்கு முன்பற்கள் இல்லை. எலும்பு பார்த்தே பழகிய அக்காவின் கண் ஒவ்வொருவராக மேய்ந்து பேராசானிடம் வந்து நின்றது. அவர் மேல் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

"நாம் எடுத்துக்கொண்டிருக்கும் நாடகத்தில் மொத்தம் ஆயிரத்து நானூறு அடி. ஓர் அடிகூடக் குறையக் கூடாது."

தபால்காரரின் முகம் வெளுத்தது. அக்காவின் பக்கம் சாய்ந்து, "அத்தனையும் நாமளா வாங்கணும்?" என்று கேட்டார்.

"பாட்டு வரியைச் சொல்றார் அண்ணே."

"ஓ" என்று மூச்சு விட்டார் தபால்காரர். அந்த நிம்மதி ஒரு நாள்தான் இருந்தது.

மறுநாள் படிவம் கொடுத்தார்கள். பதினான்கு பக்கம். மனித உடலின் இருநூற்றாறு எலும்புகளும் வரிசையாக அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கட்டம். மேலே ஒரு குறிப்பு: 'படிப்பு முடிந்த பிறகு தங்களுக்குத் தேவைப்படும் எலும்புகளை மட்டும் குறிக்கவும்.'

அக்கா பொறுமையாக இருநூற்றாறையும் குறித்துக் கொடுத்தாள். பதிவாளர் அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாத்தையும் வேணும்னா எப்படிம்மா? கலை கத்துக்க வந்திருக்கீங்க. கொஞ்சமாவது விட்டுக்குடுக்க வேணாமா?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது கால் சுண்டுவிரலை விட்டுக்கொடுத்தாள். மறுநாள் நடை வகுப்பில், கோண மூக்கு ஆசிரியர் ஆணி அடித்த காலணியோடு வந்து அதை வசூல் செய்துகொண்டார்.

கண்ணாடிக்காரர் வலது கை விரல்களை மட்டும் குறித்திருந்தார். கண்ணாடி தேய்க்க அது போதுமாம்.

"மிச்சதெல்லாம்?" என்றாள் அக்கா, காலுக்குத் துணி சுற்றிக்கொண்டே.

"மிச்சத்த வெச்சு இத்தன வருஷம் என்ன சாதிச்சேன் அக்கா?" என்றார் அவர், சிரித்துக்கொண்டு.

காலை ஒன்பது மணிக்குக் கதவு வணக்கம். அரங்கத்தின் நடுவே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கதவு நின்றது. பித்தளை வளையம், பூண் போட்ட விளிம்பு. அதற்கு மூன்று முறை குனிந்து எழ வேண்டும். பத்தரைக்கு அலறல் வகுப்பு. செவ்வியல் அலறலில் சொல் இருக்கக் கூடாது, உயிரெழுத்து மட்டுமே இருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டால் தோல்வி. கடவுளைக் கூப்பிட்டால் தோல்வி. ஒவ்வொருவராகப் போய் ஒரு மேசை இழுப்பறையில் விரலை வைக்க, முன்பல் இல்லாத ஆசிரியை அதை இடுப்பால் இடித்து மூடுவாள்.

"அய்யோ கடவுளே!" என்றாள் அக்கா.

"தப்பு. இன்னொரு தரம்."

"அய்யோ!"

"மெய்யெழுத்து வருது. இன்னொரு தரம்."

"ஆ!"

"நெடில். நல்லது. அடுத்து."

அன்று வீட்டோடு வீடியோவில் பேசும்போது கணவர், "என்ன கைய மறைச்சு மறைச்சுப் பேசற?" என்று கேட்டார்.

"கைல மசி. எழுத்து வேலை நிறைய."

"நாடகத்துல என்ன எழுத்து வேலை?"

"உயிரெழுத்து" என்று சொல்லிவிட்டு, மேலே கேட்பதற்குள் மகளிடம் பேச்சை மாற்றினாள். பொய் சொன்னது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் 'அடுத்த விமானத்தைப் பிடி' என்பார். வந்து ஒரு வரி வசனம் பேசுவதற்கு முன்னால் திரும்பிப் போக அவளுக்கு மனசில்லை.

இரண்டாவது வாரம் வேஷம் பிரித்தார்கள். கதை சின்னது. போரில் தோற்றுத் திரும்பும் ராஜாவை அவனுடைய தளபதியே அரண்மனைக்குள் அடித்துக் கொல்கிறான். வெளியே கூட்டப் பாடகர்கள் விதியைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். தூதன் வெளியே வந்து நடந்ததைச் சொல்கிறான். ராஜா கண்ணாடிக்காரர். தளபதி தபால்காரர். தூதன் அக்கா. தூதனுக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி வசனம். அக்கா காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். சுண்டுவிரல் வலி அந்த ஒரு மணி நேரம் தெரியவேயில்லை.

"தூதன் கொலை நடக்கும்போது கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்" என்றார் பேராசான். "கை கட்டி நிற்க வேண்டும். பார்க்க வேண்டும். தடுக்கக் கூடாது, விலகக் கூடாது, முகம் திருப்பக் கூடாது. பிறகு வெளியே வந்து அழகாகச் சொல்ல வேண்டும். உலகத்தில் நடக்கிற கொடுமைக்கெல்லாம் அழகாகச் சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம்."

தபால்காரரால் அடிக்க முடியவில்லை. கையை ஓங்குவார், அது பாதி வழியில் நின்று கண்ணாடிக்காரரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடும். அவரை இரக்க நீக்கச் சிறப்பு வகுப்பில் போட்டார்கள். மூன்று நாள் அவரை ஓர் அறையில் நிறுத்தி, கோண மூக்கு ஆசிரியரும் இறங்கிய தோள் ஆசிரியரும் முறை வைத்து அடித்தார்கள், அவர் திருப்பி அடிக்கும்வரை. முதல் நாள் அவர் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் நாள் அழுதார். மூன்றாம் நாள் சாயங்காலம், உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போய், "மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஒரே ஒரு குத்து விட்டார். இறங்கிய தோள் ஆசிரியரின் இன்னொரு தோளும் இறங்கி, இரண்டும் சமமானது. அதற்கு அவர் கைகுலுக்கி நன்றி சொன்னார்.

தபால்காரரின் மதிப்பெண் பட்டியலில் எழுதியிருந்தது: 'அடிக்கு முன் மன்னிப்புக் கேட்கிறார். அடிக்குப் பின் கேட்பதே மரபு.'

ஒத்திகை தொடங்கியது. கதவுக்குப் பின்னால் இருந்த இடம் ஒரு சமையலறை அளவுகூட இராது. ஒரு மூலையில் துடைப்பமும் வாளியும், இன்னொரு மூலையில் அக்கா. தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கண்ணாடிக்காரர் விழுந்து எழுந்து, "இன்னும் கொஞ்சம் பலமா அண்ணே. எனக்கு 'ஆ' சரியா வரல" என்றார். நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை அவருக்கு 'ஆ' சரியாக வந்தது. சின்னதாக ஒரு சத்தமும் கூடவே வந்தது, விரலைச் சொடுக்குவதுபோல. அக்கா கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய் அவர் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். தபால்காரர் வாளியில் வாந்தி எடுத்தார்.

"ஏழாவது விலா எலும்பு மேடம். உடைஞ்சிருக்கு. படம் எடுக்காமலே சொல்றேன்" என்று பதிவாளர் அம்மாளிடம் போய் நின்றாள் அக்கா.

"எங்க உடைஞ்சுது? மேடையிலயா?"

"இல்ல. கதவுக்குப் பின்னாடி."

"கதவுக்குப் பின்னாடி நடக்கறது நாடகத்துல சேராது. அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"நாடகம் இல்லன்னா அது அடிதடி. அப்ப போலீசுக்குப் போகலாமா?"

"கதவுக்குப் பின்னாடி நடக்கறதுதாம்மா நாடகத்தோட உயிரே! அதுல போலீஸ் எப்படித் தலையிடும்?"

"சரி, மருந்து அறை எங்க இருக்கு?"

"அதுல கிரீடம் வெச்சிருக்கோம். பஞ்சு மட்டும் இருக்கு. அலறல் சத்தம் தாங்காதவங்க காதுல வெச்சுக்க."

அக்கா பேராசானின் அறைக்குப் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, "வசனத்தைச் சொல்லு, கேட்போம்" என்றார். அவள் பேச வந்ததே வேறு. ஆனால் சொன்னாள். முப்பதாவது அடியில் 'கொழுகொம்பு ஒடியக் கொடி சாய்ந்தது போலே கோமகன் என்பு குலைந்தது மெல்ல' என்று வந்தது. அதில் நின்றாள்.

"சார், விலா எலும்பு அப்படி மெல்லக் குலையாது. டக்குனு ஒரு சத்தம். அப்புறம் மூச்சு விட முடியாது. இன்னொரு அடி அதே இடத்துல பட்டா உள்ள போய் நுரையீரல்ல குத்திடும். கண்ணாடிக்காரர் செத்துடுவார் சார்."

பேராசான் எழுந்து வந்தார். மிகவும் மென்மையாகப் பேசினார்.

"எலும்பு எப்படி உடையும் என்பதைப் பாட்டு தீர்மானிக்கும். எலும்பு தீர்மானிக்காது. நீ தூதன். தூதன் வைத்தியம் பார்ப்பவன் அல்ல. உன் ஊரில் நீ படம் எடுத்துக் கொடுத்தாய். யார் உடைத்தது என்று எந்தப் படத்திலாவது தெரிந்ததா? தெரியாது. அதுவும் ஒரு கலைதான். அதையே இங்கேயும் செய்."

சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த அளவுகோலின் விளிம்பால் அவள் முழங்கையில் ஓர் அடி கொடுத்தார். முப்பதாவது அடியில் நின்றதற்காக. கை மரத்து, விரல் நுனி வரைக்கும் மின்சாரம் ஓடியது.

கண்ணாடிக்காரரை ஊருக்குப் போகச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கட்டிலில் ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, பாதி மூச்சில் பேசினார்.

"அக்கா, எங்க வீட்ல நாலு அண்ணன் தம்பி. யாராவது வந்தா, 'இவன் கண்ணாடி விக்கறான்'னு ஒரு வார்த்தைல முடிச்சுடுவாங்க. இங்க எனக்கு ராஜா வேஷம் குடுத்திருக்காங்க. ரெண்டு வாரம் பொறுத்துக்கறேன். அண்ணன் மெதுவாத்தான் அடிப்பார்."

கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடகம். ஜன்னல்களில் நல்ல வெயில். முன்வரிசையில் புரவலர்களும் ஆராய்ச்சியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பின்னால் பழைய மாணவர்கள். கைத்தடியும் கழுத்துப்பட்டையுமாக, ஒருவருக்கொருவர் எந்த வருடம் எந்த எலும்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாலரைக்குத் தபால்காரர் வேஷத்தைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அடிக்க மாட்டேன். இந்தக் கை என்னோடது. இதால நான் கடுதாசி குடுக்கணும்."

இரண்டு ஆசிரியர்களும் காலால் உதைத்துப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினாரே தவிர, கையை வெளியே எடுக்கவில்லை. பேராசானுக்குச் செய்தி போனது. அவர் வந்து, கண்ணை மூடி, ஒரு நிமிடம் நின்றார்.

"கலைக்காக இந்தக் கையைக் கறைப்படுத்திக்கொள்ள வேண்டிய வேளை வந்துவிட்டது. முப்பது வருடமாக நான் தவிர்த்து வந்த தியாகம்."

தளபதியின் அங்கியை மாட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். மூலையிலிருந்த செங்கோல்களில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இரும்புப் பூண் போட்டதை எடுத்துக்கொண்டார். தியாகம் செய்யப் போகிறவரின் முகம் அப்படி மலர்ந்திருந்து அக்கா பார்த்ததில்லை.

விதிப்படி அவள் கதவுக்கு மூன்று முறை குனிந்துவிட்டு உள்ளே போனாள். பேராசான் அவளுக்கு முன்பே உள்ளே வந்திருந்தார்; கண்ணாடிக்காரர் அதற்குள் மண்டியிட்டுவிட்டார். முகம் சாம்பல் நிறமாயிருந்தது. கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"பத்திரம் அக்கா. ஒரே ஒரு ஜோடிதான் இருக்கு."

வெளியே பாடகர்கள் விதியைப் பாட ஆரம்பித்தார்கள். செங்கோல் இறங்கியது. முதுகில். சுத்தமான நெடில் ஒன்று கிளம்பிக் கதவைத் தாண்டிப் போனது. "ஆஹா" என்று அரங்கம் பெருமூச்சு விட்டது. அடுத்தது விலாவில், அதே பக்கம்.

"சார், அந்தப் பக்கம் வேண்டாம்" என்றாள் அக்கா.

"தூதன் பேசக் கூடாது" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு மறுபடி அதே பக்கம் அடித்தார். கண்ணாடிக்காரர் பக்கவாட்டில் சரிந்தார். வாயோரம் நுரை தெரிந்தது. இளஞ்சிவப்பு நுரை. அது எங்கேயிருந்து வருகிறது என்று அக்காவுக்குத் தெரியும். பேராசான் அவர் மார்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இன்னொன்று போட்டார். இந்த முறை சத்தமே வரவில்லை.

"அலறு!" என்று பல்லைக் கடித்தார் பேராசான். "அலறுடா! சபை காத்திருக்கு!" செங்கோலைத் தலைக்கு மேலே, இரண்டு கையாலும் ஓங்கினார்.

அக்கா பித்தளை வளையத்தைப் பிடித்துக் கதவை முழுசாகத் திறந்தாள்.

வெயிலும் விளக்கும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. அங்கி கோணலாகிப் போன பேராசான், ஒரு மனிதன் மார்பில் கால் வைத்து, ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். பாட்டு நின்றது. முந்நூறு பேர் பார்த்தார்கள். இனி எல்லாரும் ஓடி வருவார்கள் என்று நினைத்தாள்.

முன்வரிசையில் ஒரு முதிய ஆராய்ச்சியாளர் எழுந்தார். கைத்தடியை நீட்டினார்.

"கதவை மூடு!"

"மூடு! கதவை மூடு!" என்று அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. "மேடையில் வன்முறை! அநியாயம்! மூடு!"

"டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று அக்கா கத்தினாள். "நுரையீரல்ல குத்தியிருக்கு! டாக்டர்!"

முன்வரிசையில் பதினோரு பேர் கை தூக்கினார்கள். பதினொருவரும் நாடகத்தில் முனைவர்கள். அவர்களில் ஒருவர் கதவு திறந்தது பிழை என்றார். இன்னொருவர், இல்லை, மூன்றாம் அங்கத்தில் திறப்பதற்கு ஏட்டில் சான்று உண்டு என்றார். முன்னவர் பின்னவரின் வாயில் குத்தினார். பின்னவர் நாற்காலியைத் தூக்கினார். அதற்குப் பிறகு யார் எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய மாணவர்கள் கைத்தடிகளோடு மேடையேறினார்கள். கழுத்துப்பட்டைகள் பறந்தன. மூட வந்தவர்களும் திறக்க வந்தவர்களும் வாசற்படியில் கட்டிப் புரண்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட பேராசானின் மூக்கில் யாருடைய தடியோ சொத்தென்று இறங்கியது.

"அம்மா!" என்று அலறினார் அவர்.

"தப்பு" என்றாள் அலறல் ஆசிரியை மூலையிலிருந்து, பழக்கத்தில்.

பதிவாளர் அம்மாள் பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்து அக்காவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அக்கா திருப்பி அறைந்தாள். அவள் வாழ்க்கையில் கொடுத்த முதல் அறை அது. பதினெட்டு வருடம் பெரிய பெரிய ஆட்களைப் புரட்டிப் படுக்க வைத்த கை. பதிவாளர் அம்மாள் பேரேட்டோடு பாடகர்கள் மேல் போய் விழுந்தாள்.

தபால்காரர் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தார். யாரையும் அடிக்கவில்லை. இடையில் வந்தவர்களைத் தூக்கி ஓரமாக வைத்தார், பார்சல் வைப்பதுபோல. கதவுக்கு அடியில் தோளைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். கீல் பிடுங்கிக்கொண்டு அது அவர் கைக்கு வந்தது. தரையில் படுக்க வைத்தார்.

"இதுல ஏத்துங்க அக்கா. மெதுவா."

பாடகர்களில் நாலு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். தபால்காரர் தலைமாட்டைப் பிடித்தார். அக்கா பக்கத்தில் நொண்டிக்கொண்டே ஓடினாள். அரங்கத்தின் நடுவழியாக, ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருந்த அறிஞர்களுக்கு இடையே, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பேருந்துக்காக நின்றிருந்த ஒரு பெண்மணி, யார் என்ன என்று எதுவும் கேட்காமல் அவசர ஊர்திக்குப் போன் செய்தாள். ஆறு வாரத்தில் அக்கா பார்த்த முதல் சாதாரண மனுஷி.

மருத்துவமனையில் கண்ணாடிக்காரரின் மார்பில் குழாய் போட்டுக் காற்றை இறக்கினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் வந்து சொன்னார். இவர் நிஜ டாக்டர். தபால்காரர் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்.

பின்னாலேயே ஒரு போலீஸ் அதிகாரி நோட்டோடு வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கழகத்துக்குப் போன் பண்ணேன். கதவுக்குப் பின்னாடி நடக்கறது அவங்க கணக்குல வராதாம். சரி, அப்ப எங்க கணக்குல வரட்டும்னு ஆள் அனுப்பியிருக்கேன். நீங்க சொல்லுங்க. எப்படி ஆச்சு?"

கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை.

"படியில விழுந்துட்டேன் சார்."

இந்த வார்த்தையை அக்கா எத்தனை முறை கேட்டிருக்கிறாள். மேசையில் படுத்துக்கொண்டு, மணிக்கட்டு உடைந்த பெண்கள், தாடை நகர்ந்த பெண்கள், காப்பகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட கிழவர்கள், எல்லாரும் இதே கூரையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். படியில விழுந்துட்டேன். குளியலறையில வழுக்கிடுச்சு. படி இப்படி உடைக்காது என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கிறது. மூச்ச இழுத்துப் பிடிங்க என்றாள். விடலாம் என்றாள். படத்தை உறையில் போட்டு நம்பர் எழுதிக் கொடுத்தாள். பதினெட்டு வருடம், கை கட்டிக்கொண்டு.

"இல்ல சார்" என்றாள். "விழல. அடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"அக்கா, வேண்டாம்" என்றார் கண்ணாடிக்காரர். "சான்றிதழ் தர மாட்டாங்க. ராஜாவா நடிச்சேன்னு சொல்லிக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

"நீங்க உசிரோட போய்ச் சொல்லிக்கோங்க. நான் சாட்சி வரேன்."

போலீஸ் அதிகாரி பேனாவைத் திறந்தார். அவள் பேர் பதிந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். விரல், இழுப்பறை, தபால்காரரின் மூன்று நாள், ஏழாவது விலா, இரும்புப் பூண். கொடியும் இல்லை, கொழுகொம்பும் இல்லை. எது எந்தப் பக்கம், யார், எதனால், எத்தனை மணிக்கு. அதிகாரி இரண்டு முறை எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். தபால்காரர், தான் உடைத்த எலும்பைத் தானே சொன்னார். அதையும் எழுதினார்.

முடித்ததும் அதிகாரி வாசித்துக் காட்டினார். "...மேற்படி நபர் தாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது..."

"சொல்லப்படுகிறது வேண்டாம் சார்" என்றாள் அக்கா. "அடிச்சார்னு போடுங்க. செங்கோலால நாலு தடவ அடிச்சார்."

அவர் அடித்து எழுதினார். பிறகு கட்டிலின் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க? இது சரியா?" என்று கேட்டார்.

அக்கா பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கண்ணாடிக்காரருக்குப் போட்டுவிட்டாள். அவர் அதிகாரியின் நோட்டை உற்றுப் பார்த்தார். குழாயில் காற்று குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"தப்பு" என்றார் கடைசியில். "நாலு இல்ல சார், அஞ்சு. ஒண்ணு அக்கா உள்ள வர்றதுக்கு முன்னாடியே."